நடுக்கட்டை

கோமதித்தாய் மிளகாய்த் தோட்டத்தின் கடைசிப் பாத்தியை அடைத்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பம்புசெட் அறைக்கு வந்தாள். மோட்டாரை நிறுத்தினாள். சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, மூன்று பீங்கான் பீஸ் கட்டைகளில் நடுவில் இருந்ததை உருவி, வாசலில் கிடந்த துவைகல்லின் மேல் வைத்தாள். மேற்கு வரப்பில் மாடத்தி நின்றுகொண்டிருந்தாள். கோமதித்தாய் அந்தப் பக்கம் திரும்பாமல் கிழக்கே நடந்தாள். அவள் எல்லைப் பனையைத் தாண்டுகிறவரை மாடத்தி அசையவில்லை. தாண்டிய பிறகுதான் வந்து, குனிந்து, கட்டையை எடுத்தாள்.

அந்தக் கட்டைதான் முறை. அது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் தண்ணீர். கிணறு ஒன்று, பங்கு இரண்டு. உச்சிவரை கோமதித்தாய்க்கு, உச்சிக்குப் பிறகு மாடத்திக்கு. ஒரே கிணற்றில் பாய்ச்சிக்கொண்டு இரண்டு பெண்கள் வருஷக்கணக்கில் பேசாமல் இருக்க முடியுமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது ஒரு பெரிய காரியமே இல்லை. சங்கரன்கோவிலில் இருந்து மேலநீலிதநல்லூர் போகிற ரோட்டில் இறங்கி, இரண்டு பக்கமும் கரிசலைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வருகிற ஊர் கீழப்பொட்டல். மழை எட்டிப் பார்க்காத இந்த ஊரில் தண்ணீரைவிட வீம்புதான் அதிகம் ஊறும்.

கல்யாணம் முடிந்து வந்த புதிதில் இரண்டு பேரும் ஒரே உரலில் கம்பு குத்தியவர்கள். மாடத்தியின் புருஷன் துரைப்பாண்டியும் கோமதித்தாயின் புருஷன் சங்கரசுப்புவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். தாத்தா வெட்டிய கிணற்றில் இரண்டு குடும்பமும் சேர்ந்து மோட்டார் வைத்தார்கள். கமலையும் மாடும் போய்க் கரண்டு வந்ததில் வேலை குறைந்தது, சண்டை கூடியது. கமலைக்கு மாடு களைத்தால் முறை முடிந்தது. கரண்டு அப்படி இல்லை. நினைத்தபோது வந்தது, நினைத்தபோது போனது. கரண்டு இல்லாமல் போன நேரம் யார் கணக்கில் சேரும் என்பதுதான் வழக்கு. போன நேரத்தையும் சேர்த்து உச்சிக்குப் பிறகும் நான்தான் பாய்ச்சுவேன் என்றான் சங்கரசுப்பு. உச்சி வந்தால் முறை என்னுடையது, கரண்டு போனதுக்கு நானா பொறுப்பு என்றான் துரைப்பாண்டி. வெயிலில் மிளகாய் நாற்று சுருண்டு கிடந்தது. அன்று மதியம் துரைப்பாண்டி வந்து, கரண்டு வரட்டும் என்று சங்கரசுப்பு கழற்றிக் கல்லில் வைத்திருந்த கட்டையை எடுக்கக் குனிந்தான். சங்கரசுப்பு மண்வெட்டியால் பிடரியில் போட்டான்.

பார்த்தது ஒரே ஆள். கஞ்சிக் கலயத்தோடு வந்த கோமதித்தாய்.

வாய்க்காலில் கோரை அறுக்கிற அரிவாள் ஒன்று கிணற்றடியில் எப்போதும் கிடக்கும். துரைப்பாண்டி அந்த அரிவாளை ஓங்கிக்கொண்டு வந்தான், தன் புருஷன் தடுக்கப் போய்த்தான் மண்வெட்டி பட்டது என்று கோமதித்தாய் கோர்ட்டில் சொன்னாள். தூக்கில் தொங்க வேண்டியவன் அந்தச் சாட்சியால்தான் ஆயுள் தண்டனையோடு தப்பினான் என்று வக்கீலே சொன்னார்.

மாடத்தியின் அண்ணன்மார் வாசுதேவநல்லூரில் இருந்து வந்து கோர்ட்டு வேறு, சத்தியம் வேறு என்று நின்றார்கள். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் பொய் சொல்லலாம், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்ற பிள்ளையைப் படுக்கப்போட்டுத் தாண்டிச் சொல்வதில் பொய் சொல்ல மாட்டார்கள். சங்கரன்கோவிலில், கோமதித்தாயின் பேரையே வைத்திருக்கிற அம்மன் சந்நிதிக்கு வெளியே, அவள் பெற்ற கைப்பிள்ளை செல்லச்சாமியைக் கல்தளத்தில் கிடத்தினார்கள். நெற்றியில் புற்றுமண் பூசியிருந்தது. பிள்ளை காலை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஊரே பார்க்கக் கோமதித்தாய் அதைத் தாண்டினாள்.

அதற்குப் பிறகு ஊருக்குச் சந்தேகம் இல்லை. மாடத்தி புருஷனைப் பறிகொடுத்தவள் என்பது போய், வெட்டப் போய் வெட்டுப்பட்டவன் பெண்டாட்டி ஆனாள். தாலி அறுத்த வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள்கூட, அவனும் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சைத்தான் அவள் தின்று செரிக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆடித்தபசு வரும்போது செல்லச்சாமி இல்லை. காய்ச்சல். அந்த வருஷம் ஊரில் எத்தனையோ பிள்ளைகள் காய்ச்சலில் போயின. கோமதித்தாய் தனக்குத்தானே அதைத்தான் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவள் அன்றைக்கே அந்தக் கிணற்றில் விழுந்திருப்பாள்.

விழவில்லை. பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினாள். மனு போட்டுப் புருஷனைப் பார்க்கப் போகிற பெண்கள் ஜெயில் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். கட்டுச்சோறும் வெற்றிலையும் போக, கோர்ட்டு, கமிட்டி, தண்டனையில் கழிவு என்று வக்கீலுக்குத் தெரியாததெல்லாம் அங்கே பேச்சில் ஓடும். ஆயுள் என்றால் சாகிறவரை இல்லை, உள்ளே நடந்துகொள்வதைப் பார்த்துக் கமிட்டி முன்னாலேயே விடும் என்று அங்கேதான் அவள் கேள்விப்பட்டாள். காலையில் எழுத்துப் படிக்கப் போனவன், தறியில் ஒழுங்காக வேலை செய்தவன், வெள்ளிக்கிழமை பஜனையில் உட்கார்ந்தவன் பேரெல்லாம் மேலே போகுமாம். புளியங்குடிக்காரி ஒருத்தி, தன் புருஷன் ரத்தம் கொடுத்தே ஒரு மாசம் கழித்துவிட்டான் என்று பெருமையாகச் சொன்னாள்.

"இனி யாரு எதுக்குக் கூப்பிட்டாலும் மொதல்ல கையத் தூக்கும்" என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனிடம் கோமதித்தாய் சொன்னாள். "எனக்குத் தெரியாது, என்னால ஆகாதுன்னு ஒண்ணுஞ் சொல்லக் கூடாது. கேட்டீரா?"

அவன் கேட்டான். வெளியே இருந்தவரை யார் சொல்லும் கேட்காதவன் உள்ளே போய் எல்லாவற்றுக்கும் கை தூக்கினான். கையெழுத்துப் போடக் கற்றான். தறியில் பேண்டேஜ் துணி நெய்தான். தோட்டத்தில் கத்தரி போட்டான். ஒவ்வொரு தடவையும் ஒரு புது வித்தையைச் சொல்வான். அவள் ஊருக்கு வந்து கொழுந்தன் வேல்சாமியிடம் அதை ஒப்பிப்பாள். வேல்சாமி பக்கத்து வீட்டில்தான் இருந்தான். அண்ணன் வந்தால்தான் இந்தக் குடும்பத்துக்கு ஒரு ஆண் துணை என்று எல்லோரிடமும் சொல்லுவான். தான் இருப்பது எந்தக் கணக்கில் என்று அவனை யாரும் கேட்டதில்லை.

மிளகாய்ப் பழம் எடுக்கிற பருவத்தில் நன்னடத்தை அதிகாரி வந்தார். பேர் மைதீன் பாட்சா, கடையநல்லூர்க்காரர். சங்கரன்கோவிலில் இருந்து வாடகை சைக்கிளில் வெயிலோடு வந்து, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, வேல்சாமி வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். கமிட்டி கூடப் போகிறது, சங்கரசுப்பு பேர் முதலில் நிற்கிறது, ஜெயிலில் அவனைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் இல்லை என்றார். வீட்டில் சேர்த்துக்கொள்வார்களா, வந்தால் பழைய பகை கிளம்புமா என்று இரண்டு பக்கமும் கேட்டு எழுத வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

சேர்த்துக்கொள்வோம் என்று வேல்சாமி முந்திக்கொண்டு சொன்னான். கோமதித்தாய் உள்ளே போய்ச் சோளச்சோறும் காணத்துவையலும் எடுத்துவைத்தாள். அதிகாரி கூச்சப்படாமல் சாப்பிட்டார். துவையல் எங்கள் வீட்டில் இப்படி வருவதில்லை என்று இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு நல்ல சேதியும் வெளியாளும் ஒன்றாக வந்திருக்கிறார்கள்.

"அந்த வீட்டம்மாதான் என்ன சொல்லுவாகளோ" என்று அதிகாரி எழுந்தார்.

மாடத்தி களத்தில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். நெடி மூக்கில் ஏற, அதிகாரி தும்மிக்கொண்டே பேசினார். மாடத்தி நிமிரவில்லை. சங்கரசுப்புவை விட்டால் ஆட்சேபணை உண்டா என்று கேட்டதற்கு, கையில் இருந்த பழத்தைக் காம்பு கிள்ளி எறிந்துவிட்டு, செத்தவனைக் கொண்டுவந்து விட்டால் இவனையும் விடச் சொல்லும் என்றாள். அவர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் பண்ணுகிற காரியத்தைத்தான் அவரும் பண்ணினார். அவள் மனசு இளகட்டும் என்று வில்லுப்பாட்டைப் பற்றிச் சொன்னார்.

ஜெயிலில் வாத்தியார் ஒருவர் கைதிகளை வைத்து வில்லுப்பாட்டுக் குழு ஆரம்பித்திருந்தார். அவரவர் செய்த குற்றத்தை அவரவரே பாடி வருந்த வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. சங்கரசுப்பு தான் வெட்டிய கதையைப் பாடுகிறான். போன காந்தி ஜெயந்திக்குக் கலெக்டர் வந்து கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் பேர் முதலில் வந்ததே அந்தப் பாட்டால்தான்.

மாடத்தி அப்போதுதான் நிமிர்ந்தாள். "என்னன்னு பாடுதான்?"

"வெறுங்கையோட வந்து, குனிஞ்சு கட்டைய எடுத்த அண்ணன வெட்டிட்டேனேன்னு பாடுதாரும்மா. கேட்டா நெஞ்சு தாங்காது."

"இன்னொருக்கச் சொல்லும்."

அவர் இன்னொரு தடவை சொன்னார். அப்போதுதான் தான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியது. மாடத்தி களத்தை அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். மிளகாயை மாடு மிதித்தது.

கோமதித்தாய் அதிகாரி சாப்பிட்ட கும்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. துரைப்பாண்டி செத்த நாளில் இருந்து அந்த வாசலை மிதிக்காத கால்கள்.

"ஏட்டி கோமதி."

கோமதித்தாய் கும்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஒம் புருசன் ஜெயில்ல வில்லடிச்சுப் பாடுதானாம். எம் புருசன் வெறுங்கையோட வந்தாம்னு. கலெக்டரு கேட்டாராம், கண்ணத் தொடச்சாராம். நான் கேக்கல. ஊரு கேக்கல. நீ கேட்டியா?"

கோமதித்தாய் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அப்போ அருவா யாரு கையில இருந்துச்சு? பிள்ளையத் தாண்டுனியே, யாரு கையில இருந்துச்சு?"

"யக்கா..."

"அந்தச் சொல்லு ஒன் வாயில வரப்படாது. ஆட்சேபண இருக்கான்னு கேட்டாரு அந்தப் பாய். இருக்குன்னுதான் சொன்னேன். இப்போ இல்ல. அவன் வரட்டும். வந்து இந்த ஊரு நடுவுல வில்ல நட்டி, அதே பாட்டப் பாடட்டும். நீ முன்னால உக்காந்து கேளு. பொறவு வருசம் பூரா அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கிட்டு, அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு கெட. அதப் பாக்கணும் நான். அதுக்காகவே அவன விடச் சொல்லுதேன்."

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வேல்சாமி ஓடிவந்து, நல்லதாப் போச்சு மைனி, அவளே ஆட்சேபணை இல்லை என்றுவிட்டாள், இனி என்ன என்றான். கோமதித்தாய் அவனைப் பார்த்த பார்வையில் வந்த வழியே திரும்பினான்.

மறுவாரம் அவள் பாளையங்கோட்டைக்குப் போனாள். தேவர்குளம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். இடம் கிடைத்த பிறகும் உட்காரத் தோன்றவில்லை. வழக்கமாகக் கொண்டு போகிற சீனிமிட்டாயும் வெற்றிலையும் வாங்கவில்லை.

சங்கரசுப்பு கம்பிக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே வந்தான். ஆள் வெளுத்து, வயிறு லேசாக விழுந்து, கிணற்றடியில் நின்றவனுக்குச் சம்பந்தமில்லாத ஒருவனாக இருந்தான். தலையைப் படிய வாரியிருந்தான்.

"பாட்சா சார் வந்தாராமே" என்றான். "எல்லாம் கூடி வருது கோமதி."

"பாட்டுப் பாடுதீராமே."

"அதையுஞ் சொல்லிட்டாரா? கேட்டவுக எல்லாம் கண்ணத் தொடச்சாக. நம்ம ஊருக் கொடையில கொடம் அடிச்சுக்கிட்டுக் கெடந்தவன், நடுவுல உக்காந்து பாடுவேன்னு நெனச்சனா?"

"துரைப்பாண்டி அத்தான் வெறுங்கையோட வந்தாகன்னு பாடுதீரா?"

அவன் சிரிப்பு குறைந்தது. "நெசந்தான அது."

"நெசந்தான். அன்னைக்கு ஸ்டேசன்ல வச்சு எங்கிட்ட என்ன சொன்னீரு?"

அவன் வார்டர் நின்ற பக்கம் பார்த்தான்.

"அருவா அவன் கையில இருந்துச்சுன்னு சொல்லு, இல்லன்னா எனக்குக் கயிறுதான்னு சொன்னீரு. எங் காலத் தொட்டீரு. அது பாட்டுல வருதா?"

"அருவாளப் பத்தி வருது." அவன் குரல் இறங்கியது. "என்னையக் காப்பாத்த நீ பொய் சொன்னன்னு வருது."

"நானாச் சொன்னேன்னு."

"எல்லாத்தையும் பாட்டுல போட முடியுமாட்டி? நீளமாப் போகுதுன்னு வாத்தியாரு வெட்டிட்டாரு."

பக்கத்தில் யாரோ ஒருத்தி தன் புருஷனிடம் மாடு விற்ற கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் ஓய்கிறவரை கோமதித்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செல்லச்சாமி?"

அவன் படிய வாரிய தலையைத் தடவிக்கொண்டான்.

"எம் பிள்ள வாரானா ஒம்ம பாட்டுல?"

"கடைசில வாரான்" என்றான். "தாண்டுனது, காய்ச்சல்ல போனது, எல்லாம் வரும். அங்கனதான் எல்லாரும் அழுவாக."

அந்தப் பிள்ளையைக் குழிக்குள் வைத்தபோது இவன் இல்லை. காய்ச்சலில் அது வாய் கோணிக் கிடந்த மூன்று ராத்திரியும் இவன் இல்லை. தாண்டச் சொல்லி ஆள் அனுப்பியவன் இவன்தான். தாண்டாவிட்டால் அப்பீலில் எல்லாம் போய்விடும் என்று வேல்சாமியிடம் சொல்லி அனுப்பினான். வெளியே அவள் அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு அழ, உள்ளே இவன் அதைத் தாளம் போட்டுப் பாடியிருக்கிறான்.

"எம் பிள்ள சாவுக்கு எத்தன நாளு கழிவு குடுத்தாக?" என்று கேட்டாள்.

"என்னட்டி இப்பிடிப் பேசுத? நீதான எல்லாத்துக்கும் கையத் தூக்கச் சொன்ன. தூக்குனேன். பாடுனா மனசு லேசாகும்னாக. லேசாச்சு. ராத்திரி ஒறங்குதேன். நெசத்தச் சொன்னது தப்பா?"

தப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை எரித்தது. அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. கை தூக்கச் சொன்னதும் அவள்தான்.

"ஒமக்கு லேசாச்சு" என்றாள். வேறொன்றும் சொல்லாமல் நேரம் முடிகிறதற்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் புளியங்குடிக்காரி கையைப் பிடித்து, எப்போது வருகிறார் என்று கேட்டாள். கோமதித்தாய் கையை உருவிக்கொண்டாள்.

அதிகாரி இரண்டாவது தடவை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பக்கத்தையும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்கு வரச் சொல்லியிருந்தார். விஷயம் ஊருக்குக் கசிந்து, வேலையில்லாத ஆம்பளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள். சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள். நம் ஆட்கள் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு மனு எழுதக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், இதற்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மாடத்தி முதலில் சொன்னாள். ஆட்சேபணை இல்லை, வரட்டும், பாடட்டும். அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. கூட்டத்துக்கு ஏமாற்றம். அவர் பேனாவோடு கோமதித்தாய் பக்கம் திரும்பினார். இவள் என்ன சொல்லுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, எழுதுகிறதற்கே குனிந்துவிட்டார்.

"வேண்டாம்னு எழுதுங்கய்யா" என்றாள் கோமதித்தாய்.

பேனா நின்றது. வேல்சாமி, மைனி, என்ன பேசுதீய என்று முன்னால் வந்தான்.

"அவுக வந்து இங்கன பாடுததுக்கு ஒண்ணும் இல்ல. அவுக பாடி இந்த ஊரு கேக்க வேண்டாம். நானே சொல்லுதேன்." அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. மாடத்தியைப் பார்த்தாள். "துரைப்பாண்டி அத்தான் கையில அருவா இல்ல. வெறுங்கையோட வந்தாக. கட்டைய எடுக்கக் குனிஞ்சாக. அருவா வாய்க்காமேட்டுல கெடந்துச்சு. கையில இருந்துச்சுன்னு சொன்னது நான். பொய். எம் பிள்ளையக் கெடத்தித் தாண்டுனேனே, அதும் பொய். சொல்லச் சொன்னது அவுக. சொன்னது நான்."

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்கள்.

வேல்சாமி கத்தினான். குடும்பத்தைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டாயே, கோர்ட்டில் சொன்னதை மாற்றினால் உன்னையும் உள்ளே போடுவார்கள், உனக்குப் பைத்தியமா என்று கையை ஓங்கினான். நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அதிகாரி எழுந்து நின்று, தான் கேட்க வந்தது வீட்டில் சேர்த்துக்கொள்வார்களா என்று மட்டும்தான், மற்றது எதுவும் தன் காதில் விழவில்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"யம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மத்தது எல்லாம் அவருக்குச் சாதகமா இருக்கு. ஒங்க ஒரு சொல்லுதான். நீங்க வேண்டாம்னா கமிட்டி விடாது. இனி எப்போ பேரு வருமோ. அவரு மனசு மாறி ரொம்ப நாளாச்சும்மா."

"மாறிட்டாக" என்றாள் அவள். "தறி நெய்தாக, எழுதுதாக, பாடுதாக. எல்லாம் நெசம், எழுதிக்கிடுங்க. அவுகள அங்கன உள்ள எல்லாத்துக்கும் புடிக்குது. எனக்குத்தான் புடிக்கல. எம் பிள்ளையப் பாடி வெளிய வந்தவுக கூட ஒரு கூரைக்குள்ள என்னால இருக்க முடியாது. சோத்துல என்னத்தையும் வச்சிருவேன். அதையும் எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் யாரிடமும் விடைபெறவில்லை. நல்லதைச் செய்ய வந்து இப்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு மனசு கசந்திருக்கும்.

சங்கரசுப்புவின் பேர் அந்தக் கமிட்டியில் தள்ளிப்போனது. அன்று சாயங்காலமே வேல்சாமி தன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் முள்ளை வெட்டிப் போட்டான். தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். பொய்ச் சத்தியம் பண்ணியவள் என்பது ஒரு பக்கம், கட்டிய புருஷனை வேண்டாம் என்றவள் என்பது ஒரு பக்கம். இரண்டில் எதற்குத் திட்டுவது என்று ஊர் முடிவு செய்யாமல் இரண்டுக்கும் சேர்த்துத் திட்டியது. மாடத்தியிடம் போய், உன் புருஷன் நல்லவன்தான் என்று இப்போது சொல்ல வந்தவர்களை அவள் விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வரவேற்றாள்.

மழை அந்த வருஷமும் இல்லை. கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. கோமதித்தாயின் முறை வந்தது. பாதிப் பாத்தி பாய்ந்திருக்கும்போது கரண்டு போய், உச்சி திரும்பத்தான் வந்தது. செடி வாடிக் கிடந்தது. மேற்கு வரப்பில் மாடத்தி வந்து நின்றுவிட்டாள். கோமதித்தாய் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பாயாத பாத்திகளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மோட்டாரை நிறுத்தி, நடுக்கட்டையை உருவினாள்.

துவைகல் காலடியில் இருந்தது. அவள் அதில் வைக்கவில்லை. கட்டையை உள்ளங்கையில் ஏந்தி வரப்பைப் பார்த்து நீட்டினாள். மற்றக் கையில் மண்வெட்டி இருந்தது.

மாடத்தி வரப்பில் இருந்து இறங்கி வந்தாள். நீட்டிய கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றாள். கையையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை.

"கல்லுல வையி" என்றாள்.

கோமதித்தாய் கல்லில் வைத்தாள். வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் வழக்கம், பனையைத் தாண்ட வேண்டும். அவளுக்குக் கால் நகரவில்லை. மண்வெட்டியோடு அங்கேயே நின்றாள்.

மாடத்தி அவள் போவதற்குக் காத்திருக்கவில்லை. அவள் முன்னாலேயே, பிடரி தெரியக் குனிந்து, கட்டையை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குள் போனாள்.